கஜானாவுக்கும் ஒரு தேர்தல்

நிதி மந்திரியை முதலமைச்சரே பொறுக்கியெடுப்பதைக் கண்டு பழகிப்போன நமக்கு, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜனங்களே நேரடியாக வாக்களித்துத் தலைமை நிதி அதிகாரியைத் தெரிந்தெடுக்கிறார்கள் என்பது சற்று விசித்திரமாகவே தோன்றும். 1998-ல் வாக்காளர் அங்கீகரித்த அரசியல் சாசனத் திருத்தத்தின்படி, கஜானாவைக் காத்த பொருளாளர் பதவியும், கணக்கைப் பரிசீலித்துப் பணம் பட்டுவாடா செய்த கணக்கதிகாரி பதவியும் ஒன்றாகி, 2003 ஜனவரியில் இந்த உத்தியோகம் உதயமாயிற்று. காப்பவரும் எண்ணிக் கொடுப்பவரும் வெவ்வேறு ஆட்களாயிருப்பதே க்ஷேமம் என்ற பழைய ஜாக்கிரதை இதனால் குறைந்துபோயிற்றோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

பதவிக் காலம் நான்காண்டு. அங்கே முதலமைச்சருக்கு நிகரான ஆளுநர் எதிர்க்கட்சியினராயிருப்பினும், மந்திரிசபையில் தலைமை நிதி அதிகாரிக்கும் ஒரு வாக்கு உண்டு. பாங்க் நிர்வாகத்தில் தேர்ந்தவரான அலெக்ஸ் சிங்க் என்ற ஜனநாயகக் கட்சி அம்மையார், 2006-ல் வென்று, குடியரசுக் கட்சி ஆளுநர் சார்லி கிறிஸ்டுடன் அவ்விதமே அமர்ந்தார்.

வேடிக்கை என்னவென்றால், மாநிலத் தீத்தடுப்புத் தலைவரும் தலைமை நிதி அதிகாரியே. ஒரு கட்டடத்துக்கு எவரேனும் வேண்டுமென்றே நெருப்பு வைத்ததாக ஐயம் எழுந்தால், துப்பறிவதற்கு இவருடைய இலாகாவின் ஆட்களும் வந்து நிற்பார்கள்.