மாத்திரையும் பத்திரமும் நேரத்தோடு

தோவாளையில் பூக்கட்டுபவர்கள், குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுபவர்கள், தூத்தூர் கரையில் வலை பின்னுபவர்கள் என்று யாராக இருந்தாலும் வீட்டுக்கே வந்து, கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பதற்கென்று ஏற்பட்டது 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிரஷர், சுகர் மாத்திரைகள் தன்னார்வலர் மூலம் வீடு தேடி வருகின்றன. "எனக்கு ஒண்ணும் செய்யல்லியே, பின்ன எதுக்கு மாத்திர?" என்று அதை ஜன்னல் திட்டில் போட்டுவைப்பவர்களும் உண்டு. அந்த மாத்திரை காப்பது நெஞ்சை மட்டுமல்ல, மூளையையும்தான்.

சீனாவில் 326 கிராமங்களில், ரத்தக்கொதிப்பு உள்ள ஏறக்குறைய 34,000 பேரிடம் நடந்த ஆய்வு 2025இல் வெளியானது. ஒரு பாதி கிராமங்களில் வழக்கமான சிகிச்சை. மறுபாதியில், டாக்டர்களின் மேற்பார்வையில், ஊர் சுகாதாரப் பணியாளர்களே ரத்த அழுத்தத்தை 130/80க்குக் கீழே கொண்டுவர மாத்திரை கொடுத்துக் கண்காணித்தார்கள். நான்கு ஆண்டுகளில் இந்தக் கிராமங்களில் டிமென்ஷியா எனும் மறதிநோய் 15 சதவீதம் குறைவாக இருந்தது. நம் ஊர்த் தன்னார்வலரின் பையில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே வைத்தியம்தான்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த தேசிய ஆய்வு மதிப்பிட்டது. 'லான்செட்' ஆணையம் 2024இல் இன்னொரு கணக்கைச் சொன்னது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, குடி, தலைக்காயம், தனிமை, கவனிக்காமல் விட்ட பார்வைக்குறை, காது மந்தம் என 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகின் மறதிநோயில் 45 சதவீதம் வரை தவிர்க்கவோ தள்ளிப்போடவோ வழியிருக்கிறது. இது மொத்த ஜனத்தொகைக்கான கணக்கு. எல்லாம் ஒழுங்காகச் செய்தவருக்கும் நோய் வரலாம், வயதும் மரபும் நம் கையில் இல்லை.

இந்தப் பட்டியலில் வீட்டார் அதிகம் அலட்சியப்படுத்துவது காது மந்தத்தைத்தான். பேச்சு காதில் விழாத பாட்டா மெல்லப் பேச்சையே விடுகிறார். கல்யாண வீட்டுக்குப் போவதில்லை, டீக்கடைக்கும் போவதில்லை. மூளைக்கு வேலை குறைகிறது. தகுதியுள்ளவர்களுக்குக் காதொலிக் கருவி மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாக இலவசமாகவே கிடைக்கிறது. ஞாபகசக்தி லேகியத்துக்குக் கொட்டுகிற காசு மிச்சம்.

மறதி எல்லாமே மறதிநோயும் அல்ல. தைராய்டு குறைவு, பி12 சத்துக்குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் இதே வேஷம் போடும். குளிமுறியில் வழுக்கி விழுந்து சில வாரம் கழித்து மூளை உறையடியில் ரத்தம் கட்டி நிற்பதும் உண்டு. இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. எனவே "வயசாச்சுல்லா" என்று விடாமல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டுவது முதல் வேலை. மேல் பரிசோதனை தேவைப்பட்டால், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் நினைவாற்றல் கோளாறுகளுக்கென்றே தனிக் கிளினிக் இருக்கிறது.

நோய் உறுதியானதும் பல வீடுகளில் முதலில் தேடுவது ஆதாரக்கட்டை, அதாவது சொத்துப் பத்திரங்களைத்தான். பிள்ளைகள் வளைகுடாவில். அம்மையிடம் 'பவர்' எழுதி வாங்கிவிட்டால் போதும் என்ற நினைப்பு. போதாது. எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி அந்தப் பவர் முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு எழுதும் உயிலோ செட்டில்மென்டோ கோர்ட்டில் நிற்பது கஷ்டம். காப்பாளரை நியமிக்கவும் மறதிநோய்க்கென்று தனிச் சட்டம் கிடையாது. குடும்பம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை அலைய நேரும். நோய் தொடக்கத்தில் இருக்கும்போதே, மருத்துவச் சான்றோடு, அவரே தன் விருப்பத்தை எழுதிவைப்பதுதான் காரியம்.

எழுதி வாங்கியபின் கைவிட்டால்? 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி பத்திரத்தையே ரத்து செய்யலாம். 'கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்தால் வழக்கு வலுக்கும். மனு நாகர்கோவில் அல்லது பத்மநாபபுரம் ஆர்.டி.ஓ.விடம். வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஜீவனாம்சமாக மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். மனுப்போடக்கூட நினைவில்லாதவருக்காக, தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து ஜீவனாம்ச விசாரணையை எடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. முதியோர் உதவி எண் 14567.

அதிகம் பேர் அறியாத உரிமை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இருக்கிறது. சிந்தனை, நினைவு கடுமையாகப் பாதிக்கப்படுவதும் அந்தச் சட்டத்தின் மனநோய் வரையறைக்குள் வரும். தனக்குச் சிகிச்சை முடிவெடுக்க முடியாமல் போனால் உடனிருந்து உதவ வேண்டியவர் யார் என்று, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்துத் தரலாம். அது மூத்த மகனாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்த வரியும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் குளிப்பாட்டி, ஊட்டி, ராத்திரி கதவைத் திறந்து வெளியே போகிறவரைக் கூட்டி வருபவள் மருமகள். ஆஸ்பத்திரியில் கையெழுத்துக்கு ஆள் தேடும்போது மட்டும் அவள் பெயர் எந்தத் தாளிலும் இருப்பதில்லை. அவளையும் நியமிக்கலாம்.