'என்ன க்ரீம்மா போடுற?' ஃபேஷியலுக்கு முன்னால் பார்லரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி!

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். பார்லரில் எல்லா நாற்காலியும் நிரம்பியிருக்கும் நேரத்தில், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஓர் இளம்பெண் அவசரமாக உள்ளே வருகிறார். "அக்கா, ப்ளீச் போட்டு கோல்டு ஃபேஷியல் பண்ணிவிடுங்க. அண்ணன் கல்யாணம், போட்டோல பளிச்சுனு தெரியணும்." முகூர்த்த சீசனில் தமிழ்நாட்டின் எந்த ஊர்ப் பார்லரிலும் கேட்கக்கூடிய வசனம்தான்.

விளக்கு வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தால், கன்னம் ரத்தச் சிவப்பாக இருக்கிறது. தோலுக்கடியில் மெல்லிய ரத்த நாளங்கள் நூல் நூலாகத் தெரிகின்றன. காதோரம் பூனைமுடி, தாடையில் பொடிப் பொடியாகப் பருக்கள். சில மாத கோர்ஸோடு நிறுத்திக்கொண்டவர், "வெயில்ல டேன் ஆகியிருக்கு" என்று சொல்லிவிட்டு ப்ளீச்சைக் கலக்க ஆரம்பித்துவிடுவார். சருமத்தைப் படித்தவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்: "வீட்ல என்ன க்ரீம்மா போடுற?"

பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். "மெடிக்கல்ல ஒரு ட்யூப் வாங்கினேன்க்கா. ஒரே வாரத்துல கலரே மாறிடுச்சு. இப்ப நிறுத்தினா மூஞ்சி எரியுது, அதான் தொடர்ந்து போட்டுட்டு இருக்கேன்."

அந்த ட்யூபில் இருப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த க்ரீம், மங்குவுக்கு டாக்டர் குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருகிற மருந்து. அதையே சிவப்பழகு க்ரீமாக நினைத்து மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும், பரு கிளம்பும், முடி வளரும். நிறுத்தினால் முகம் பற்றி எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்தே மறுபடியும் பூசுவார்கள். இதற்குத் தோல் மருத்துவர்கள் 'ஸ்டீராய்டுக்கு அடிமையான முகம்' என்ற பொருளில் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு பூசும் ஸ்டீராய்டு மருந்துகள் பலவற்றை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஹெச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் பழக்கம் முழுசாகப் போகவில்லை.

இப்படி மெலிந்துபோன தோலில் அமோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த ப்ளீச் பட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. கல்யாண வீட்டுக்குக் கொப்புளத்தோடுதான் போக வேண்டியிருக்கும். ப்ளீச் முக்கியமாக வெளுக்க வைப்பது முகத்திலுள்ள முடியைத்தான். முடி மங்கலானதும் முகமே வெளுத்ததுபோல ஒரு தோற்றம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

பாக்கெட்டில் இல்லாத பாடம்

ஃபேஷியல் கிட் வாங்கினால் உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். முதல் ஸ்டெப் க்ளென்சர், இரண்டாவது ஸ்க்ரப், மூன்றாவது மசாஜ் க்ரீம் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். பல பார்லர்களில் பாடப்புத்தகம் அதுதான். கையில் தொழில் வந்துவிடும். எதற்காக அந்த ஸ்டெப் என்பது வராது.

உதாரணத்துக்கு, 'ஸ்டீம் கொடுத்தா போர்ஸ் திறக்கும், ஐஸ் வெச்சா மூடிக்கும்' என்று சொல்லாத பார்லர் உண்டா? சருமத் துளைகளுக்குத் தசையே கிடையாது. அவை கதவு மாதிரி திறந்து மூடாது. ஆவி செய்வது வேறு வேலை. மேல்தோலை ஊறவைத்து, துளைக்குள் இறுகிக் கிடக்கும் எண்ணெய்ப் பசையை இளக்குகிறது. கரும்புள்ளியின் கறுப்பும் அழுக்கு அல்ல. துளைக்குள் அடைத்திருக்கும் எண்ணெயும் மெலனினும் காற்றுப் பட்டுக் கறுப்பதுதான் அது. எனவே அதைத் தேய்த்துக் கழுவிப் பயனில்லை. இது தெரிந்தவர் ஸ்க்ரப்பை வைத்துக்கொண்டு மூக்கோடு மல்லுக்கட்ட மாட்டார்.

தோலின் மேலடுக்கில் செல்கள் அடியில் பிறந்து, மேலே வந்து, காய்ந்து உதிர இளவயதில் சுமார் 28 நாள்கள் ஆகும். வயது ஏற ஏற இது இன்னும் நீளும். மாதம் ஒரு ஃபேஷியல் என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்குக்கு இதோடு பொருத்தம் உண்டு. 'வாரம் ஒருமுறை பண்ணினா சீக்கிரம் கலர் வரும்' என்பதற்கு எந்தப் பொருத்தமும் இல்லை. இன்னொரு உண்மையும் உண்டு. ஃபேஷியல் முடிந்ததும் தெரியும் அந்தப் பளபளப்பு, மசாஜில் கூடிய ரத்த ஓட்டமும், உதிர்ந்த இறந்த செல்களும், தோலில் ஏறிய ஈரப்பதமும் சேர்ந்து தருவது. ஓரிரு நாளில் இறங்கிவிடும். க்ரீமில் இருக்கும் தங்கத்துக்கு அதில் பங்கு இருப்பதாகத் தெரியவில்லை. பில்லில் மட்டும் பெரிய பங்கு இருக்கிறது!

நம் தோலுக்கு வேறு கணக்கு

கறுப்பான தோலிலும் வெளுத்த தோலிலும் மெலனின் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு நிறமியைத் தயாரித்துப் பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக், வெயிலில் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து 1975-ல் ஒரு வகைப்பாட்டை உருவாக்கினார். முதலில் அதில் இருந்தவை வெளுத்த தோல் வகைகள்தான். ஐந்தாவதும் ஆறாவதும் பிறகுதான் சேர்ந்தன. நம்மில் பெரும்பாலானவர்கள் நான்கு, ஐந்து வகைகளில் வருகிறோம்.

இந்த வகைத் தோலுக்கு ஒரு குணம் உண்டு. எங்கே காயமோ, சூடோ, அழற்சியோ பட்டாலும் அந்த இடத்தில் கறுப்பாகத் தழும்பு போட்டுவிடும். பரு போனாலும் அதன் கறை மாதக்கணக்கில் நிற்பது இதனால்தான். பரு இருக்கும் முகத்தில் அழுத்தி மசாஜ் செய்வது, கரும்புள்ளியை நகத்தால் நசுக்குவது, சூடான வேக்ஸை உதட்டின் மேல் இழுப்பது எல்லாமே கறையை விலை கொடுத்து வாங்குவதுதான்.

இப்போது பார்லர்களில் பரவிவரும் கெமிக்கல் பீலுக்கும் இதே எச்சரிக்கை. கரும்பிலிருந்து கிடைக்கும் கிளைக்காலிக் அமிலத்தின் மூலக்கூறு மிகச் சிறியது, சடசடவென்று உள்ளே இறங்கும். மாண்டலிக் அமிலத்தின் மூலக்கூறு பெரியது, மெதுவாகத்தான் இறங்கும். அதனால் மாநிறத் தோலுக்குக் கொஞ்சம் நிதானமான தேர்வு. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும் என்பதால் அடைப்புக்குள் நுழையும். ஆனால், ஆஸ்பிரின் அலர்ஜி உள்ளவர்களுக்கு ஆகாது. பாட்டிலில் எத்தனை சதவிகிதம் என்று போட்டிருப்பது பாதிக் கதைதான். அதன் பி.ஹெச் அளவு என்ன என்பது மீதிக் கதை. ஒரே 10 சதவிகிதம், பி.ஹெச் குறையக் குறையக் கடுமையாகும். எலுமிச்சைச் சாற்றின் பி.ஹெச் இரண்டு முதல் மூன்றுக்குள்தான். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் சிலருக்குத் தோல் வெந்து கறுத்தே போய்விடும். 'இயற்கைதானே' என்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

சிறுநீரகம் வரை போன க்ரீம்

ட்யூபைப் புரட்டிப் படிக்கத் தெரிவது அழகுக்கலை நிபுணருக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு, பக்கத்து மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. கேரளாவின் மலப்புரம் மாவட்டம், கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகை பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். சந்தேகம் விழுந்தது க்ரீம்களில் இருந்த பாதரசத்தின் மீது.

பாதரசம் மெலனின் உற்பத்தியைத் தடுக்கும். அதனால்தான் அத்தனை வேகமாக 'கலர்' வருகிறது. கவனிக்க வேண்டியவை சில. தயாரித்தவரின் முழு முகவரி, உரிம எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, உட்பொருள் பட்டியல் ஆகியவற்றில் எது இல்லையென்றாலும் அந்த டப்பா பார்லர் அலமாரியில் இருக்கக் கூடாது. பட்டியலில் 'கலோமெல்', 'மெர்குரிக்' என்று ஏதாவது கண்ணில் பட்டால் பேச்சே வேண்டாம். ட்யூபில் சிவப்புக் கோடும் 'ஆர்எக்ஸ்' குறியும் இருந்தால் அது மருந்து, அழகுசாதனம் அல்ல.

தெரியாததைத் தொடாமல் இருப்பதும் படிப்பில் சேர்த்திதான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில், சொந்த ரத்தத்தைப் பிரித்து ஊசியால் முகத்தில் ஏற்றும் 'வேம்பயர் ஃபேஷியல்' செய்துகொண்ட மூன்று பெண்களுக்கு எச்.ஐ.வி தொற்று ஏற்பட்டிருக்கிறது. அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி 2024 ஏப்ரலில் இதை வெளியிட்டது. ஊசியும் ரத்தமும் டாக்டரின் எல்லை.

எங்கே படிப்பது? ஐ.டி.ஐ-களில் ஓராண்டு அழகுக்கலைப் பிரிவு இருக்கிறது. மாவட்டங்களில் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் சுமார் ஒரு மாத பார்லர் பயிற்சி இலவசம். வசதி இருப்பவர்கள் 1946-ல் தொடங்கப்பட்ட சர்வதேச அமைப்பான சிடெஸ்கோவின் டிப்ளமோ வரை போகலாம். எதில் சேர்ந்தாலும், தோலின் அமைப்பு பற்றிப் பாடம் உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. மேக்கப்பை மட்டும் சொல்லித்தருகிற வகுப்புகள்தான் ஏராளம்.

அந்த வெள்ளிக்கிழமைப் பெண்ணுக்கு வருவோம். ப்ளீச் இல்லை, ஸ்டீம் இல்லை, ஸ்க்ரப் இல்லை. மென்மையான க்ளென்சர், வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன். இவ்வளவுதான் அன்றைக்குச் செய்ய முடியும். கோல்டு ஃபேஷியலுக்கான காசு பார்லருக்குப் போச்சு. அவர் கோபித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகவும் கூடும். போகாமல் உட்கார்ந்தால், நோட்டில் அவர் பெயருக்கு எதிரே எழுதிக்கொள்ள வேண்டியவை: பூசும் க்ரீமின் பெயர், எத்தனை மாதமாக, வேறு மாத்திரைகள், கர்ப்பமா, என்னென்ன அலர்ஜி. கடைசியாக ஒரு வார்த்தை: "அந்த ட்யூபைத் தூக்கிப் போட்டுடாதம்மா. சட்டுனு நிறுத்தினா இன்னும் எரியும். கல்யாணம் முடிஞ்ச கையோட அதை எடுத்துட்டுப் போய் ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டு. எப்படிக் குறைக்கிறதுன்னு அவங்க சொல்லுவாங்க."