உறுமலும் பாட்டும் ஒரே தொண்டையில்

மெட்டல் இசையில் வரும் உறுமல் வெறும் கூச்சல், மெட்டைக் கெடுக்கிறது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். சுவீடனின் ஓபெத் குழு 2001-இல் வெளியிட்ட 'பிளாக்வாட்டர் பார்க்' தொகுப்பைக் கேட்டால் அந்த எண்ணம் நிற்காது. அதில் உறுமுவதும் இனிமையாகப் பாடுவதும் ஒரே பாடகர்தான்: மிகேல் ஓகர்ஃபெல்ட். உறுமும்போது, குரல் நாண்களுக்கு மேலே உள்ள பொய்க்குரல் மடிப்புகளும் சேர்ந்து அதிர்கின்றன. பயின்று கைவரவேண்டிய உத்தி அது. பத்து நிமிடம் தாண்டும் 'தி டிரேப்பரி ஃபால்ஸ்' பாட்டில் நெடுநேரம் மென்குரலே ஒலிக்கிறது. துயரம் அடங்கிக் கிடக்கிறது. பிறகு உறுமல் எழும்போது அதே துயரம் சினமாகிறது. முன்னால் அந்த அமைதி இல்லாவிட்டால் இந்தச் சினத்துக்கு இவ்வளவு கனம் வந்திருக்காது.

மென்குரல் சேர்ப்பது விற்பனைக்கான சமரசம் என்பது தீவிர ரசிகர்கள் சிலரின் குறை. ஆனால் பெயர் பெறாத காலத்தில், 1995-இல் வந்த முதல் தொகுப்பிலேயே ஓபெத் இரண்டையும் கலந்தது. 2003-இல் உறுமலே இல்லாத 'டாம்னேஷன்' வந்தது. அழகான தொகுப்பு, ஆனாலும் அதில் ஏக்கம் உண்டு, வெடிப்பு இல்லை. 2011 முதல் நான்கு தொகுப்புகளில் உறுமலை விட்டிருந்த ஓகர்ஃபெல்ட், 2024-இல் அதற்குத் திரும்பினார். நேயர்களே, புதிதாகக் கேட்பவர்கள் 'பிளாக்வாட்டர் பார்க்'கில் முழுக்க மென்குரலில் அமைந்த 'ஹார்வெஸ்ட்' பாட்டில் தொடங்குங்கள். அடுத்து 'தி டிரேப்பரி ஃபால்ஸ்' பாட்டை முடியும்வரை கேளுங்கள்.