மரம் நிற்க, மலையில் வருமானம் வேண்டும்

சுந்தரர் பிறந்த திருநாவலூரில் நாவல்தான் தலமரம். கோயில் மரத்தின் மேல் யாரும் கோடரி வைக்கமாட்டார்கள். இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே, கல்வராயன் மலையில் நிற்கும் கடுக்காய் மரத்துக்கு அந்தக் காவல் இல்லை. மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அது சோறு போடும்வரைதான் அதற்குப் பாதுகாப்பு.

கடுக்காயைப் பொறுக்கி வெயிலில் காயப்போட்டால் வரிவரியாகச் சுருங்கிக் கல்லாக இறுகிவிடும். அதைத் தட்டி உடைத்து, கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் மருந்துக்கு எடுக்கிறார்கள். நெல்லி, தான்றியோடு சேர்ந்தால் திரிபலா. அதன் துவர்ப்பு தோல் பதனிடவும் கலம்காரித் துணிக்குச் சாயம் ஏற்றவும் உதவுகிறது. இத்தனை பயன் இருந்தும், பொறுக்கியவர் காயாகவே எடைக்குப் போட்டுவிட்டால் உடைப்பது, பொடிப்பது, பொட்டலம் கட்டுவது என்று லாபமெல்லாம் மலைக்குக் கீழே போய்விடுகிறது. முன்பணம் வாங்கியவரால் விலையும் பேச முடியாது.

1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் மக்களுக்கு உரிமை தந்தது. காட்டைக் காக்கும் பொறுப்பையும் கிராம சபையிடம் ஒப்படைத்தது. தமிழ்நாட்டில் பட்டா வழங்க இருந்த நீதிமன்றத் தடை நீங்கியதே 2016இல்தான். மத்திய அரசு 2013-14இல் தொடங்கிய ஆதரவு விலைத் திட்டத்தில் கடுக்காய், புளி, காட்டுத்தேன் எல்லாம் இருக்கின்றன. ஏட்டில் இருப்பது எடைத்தராசுக்கு வரவேண்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன்பிறகே கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மலையில் போடப்படும் சாராய ஊறலை அழிப்பது காவல்துறையின் வேலை. மறுபடி ஊறல் போடாதிருக்க நேர்மையான வருமானம் வேண்டும். அதற்கான வழி காட்டிலேயே இருக்கிறது.

கிளையை முறிக்காமல் பறிப்பது, மரம் பெருக விதைக்கென்று காய்களை விட்டுவைப்பது என்ற கட்டுப்பாடுகளைக் கிராம சபையே விதிக்கட்டும். ஊருக்கு ஊர் உலர்களமும் கிடங்கும் அமையட்டும். பெண்கள் குழுக்கள் உடைத்துப் பொடித்த கடுக்காயை, பழங்குடியினருக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் வாங்கி விற்கட்டும்.

கோமுகி இந்த மலையில்தான் பிறக்கிறது. அதன் அணை நீரில் விளையும் நெல்லும் கரும்பும் மேலே உள்ள காட்டை நம்பியிருக்கின்றன. அந்தக் காட்டைக் காப்பவர்களுக்கு நியாய விலை கிடைக்கச் செய்வது சமவெளியின் கடமை. அடுத்த கடுக்காய்ப் பருவம் தொடங்குமுன், கொள்முதல் விலையைக் கிராம சபையில் அறிவிப்பதிலிருந்து மாவட்ட நிர்வாகம் அதைத் தொடங்கலாம்.