உறைந்த ஏரியில் ஒரு கூடாரம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மார்கழி தை மாதங்களில் ஏரிகளெல்லாம் கல்லென உறைந்து கிடக்கையில், அப்பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போடும் ஜனங்கள், முற்காலத்தில் மரக்குடில்களை இழுத்துச் சென்று ஓரிடத்தில் நிறுத்தி, மீன் தம்மிடம் வரட்டும் என்று காத்திருந்தார்கள். 1980-களில் டேவ் கென்ஸ் என்பவர், சறுக்குத் தொட்டியோடு இணைந்த, எளிதில் விரித்து மடக்கத்தக்க துணிக் கூடாரத்தைப் பரப்பி, மீனை நாடி மனிதனே இடம் மாறிச் செல்லும் வழக்கத்துக்கு வித்திட்டார். இவ்விநோதத்தின் சுபாவத்தையே மாற்றிய காரியம் இது என்பது என் அபிப்பிராயம்.

தொட்டியிலுள்ள ஆசனத்தில் அமர்ந்து, முதுகுப்புறம் மடிந்து கிடக்கும் குழாய்ச் சட்டத்தைத் தலைக்கு மேலாக முன்னே இழுத்தால், துணி விரிந்து ஆளையும் துளையையும் ஒருங்கே மூடிக்கொள்கிறது. உள்ளே இருள் சூழ்வதால், தெளிந்த நீரில் தூண்டில் முனை அசைவதுகூடக் கண்ணுக்குப் புலனாகிறது. காற்று பலமாயிருக்கும் நாட்களில், பனிக்கட்டியில் திருகாணிகளைச் செலுத்திக் கயிற்றால் பிணைக்காவிடில், கூடாரம் ஏரியின்மேல் உருண்டோடிவிடும்.

குளிருக்கு அஞ்சி உள்ளே வாயு அடுப்பை மூட்டுவோர், நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்ஸைடு உயிரையே பறிக்கவல்லது என்பதை உணர்ந்து, காற்றுவழிகளை ஒருபோதும் அடைக்கலாகாது. நடந்து செல்வதற்கே, புதிதாக உறைந்த தெளிந்த பனிக்கட்டி 4 அங்குல கனமாவது இருக்கவேண்டும் என்கிறது அம்மாநில இயற்கை வளத் துறை.