தலைமையாசிரியர் கையெழுத்து போதாது

பள்ளிப் பையில் வரும் ஆராய்ச்சி ஒப்புதல் படிவத்துக்கு நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டே கதிதான். 'ஸ்கூல்ல கேட்டிருக்காங்க' என்று படிக்காமலே கையெழுத்து விழும். இல்லையென்றால் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். முதல் பழக்கத்தின் ஆபத்தைப் பலரும் பேசிவிட்டார்கள். இரண்டாவதால் வரும் கேடு வெளியே தெரிவதில்லை. படிவம் திரும்பாத வீடுகள் எவை? அப்பாவும் அம்மாவும் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பும் வீடு, எழுத்துக்கூட்டிப் படிக்கவும் ஆளில்லாத வீடு, அடிக்கடி லீவு போடும் பிள்ளையின் வீடு. இவர்களை விட்டுவிட்டு எடுக்கிற கணக்கில் ரத்தசோகை குறைவாகவும் வாசிப்புத் திறன் கூடுதலாகவும் தெரிய வாய்ப்புண்டு. பிறகு அந்தக் கணக்கை வைத்துத்தான் திட்டம் போடுவார்கள்.

பெற்றோர் இடம்கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே சான்று இருக்கிறது. 2019-இல் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் கணக்கு, மொழித் திறனை ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்று அளந்து வைத்திருந்தார்கள். 2021 டிசம்பரில் அதே ஊர்களில் மறுபடி அளந்தபோது கொரோனா தின்ற படிப்பு எவ்வளவு என்று தெரிந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டதும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' மாலை நேர வகுப்புகளால் வந்ததும் தெரிந்தன. அந்தப் பெற்றோர் கதவைச் சாத்தியிருந்தால், அந்த வகுப்பால் பயன் உண்டா என்பது இன்றும் மேடைப் பேச்சாகவே இருந்திருக்கும்.

'எங்க பிள்ளை என்ன சோதனை எலியா?' என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அதற்கு நியாயம் இருக்கிறது. 2009-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போட்டு ஓர் ஆய்வு நடந்தது. பலர் பழங்குடி விடுதி மாணவிகள். அங்கே நிரப்பப்பட்ட 9,543 படிவங்களில் 2,763-இல் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். ஆந்திராவிலும், இதே ஆய்வு நடந்த குஜராத்திலும் அதில் சேர்ந்த ஏழு சிறுமிகள் இறந்ததையடுத்து 2010-இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பிருக்க வாய்ப்பில்லை என்றே அரசு அமைத்த விசாரணைக் குழு சொன்னது. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதத்தை 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகச் சாடியது. உலகெங்கும் போடப்படும் நல்ல ஊசி அது. பெற்றோரைக் கேட்காமல் போட்டதால் ஊசிக்கே கெட்ட பெயர் வந்தது.

ஆகவே கலந்துகொள்ளுங்கள், கேட்டுவிட்டுக் கலந்துகொள்ளுங்கள். தலைமையாசிரியரின் அனுமதி ஆய்வாளர் பள்ளிக்குள் நுழைவதற்கு மட்டுமே; பெற்றோர் ஒப்புதலுக்கு அது ஈடாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலின்படி 7 முதல் 12 வயதுப் பிள்ளையிடம் வாய்மொழியாகவும் அதற்கு மேல் 18 வரை எழுத்திலும் சம்மதம் கேட்க வேண்டும். நீங்கள் சரி என்றாலும் பிள்ளை மாட்டேன் என்றால் அதையும் மதிக்க வேண்டும். ரத்தம் எடுப்பார்களா, கேள்வித்தாள் மட்டுமா, பிள்ளையின் பெயர் எங்கே போகும், முடிவு எப்போது தெரியும் என்பதெல்லாம் தகவல் தாளில் தமிழில் இருக்க வேண்டும். ஆய்வாளர், ஆய்வுக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழு ஆகிய இரு தரப்பின் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். எண் இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மறுத்தால் டீச்சர் பிள்ளையைக் கடிந்துகொள்வாரோ என்பதுதான் பலரின் உண்மையான பயம். மறுத்ததற்காகவோ பாதியில் விலகியதற்காகவோ மதிப்பெண்ணிலும் சலுகையிலும் கை வைக்கக் கூடாது. காரணம் சொல்லாமலே விலகலாம். மீறினால் முதலில் நெறிமுறைக் குழுவுக்கும், அங்கே பதில் இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம். மருத்துவ ஆய்வால் உடலுக்குப் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. படிவத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருப்பது அதற்காகத்தான். 'எங்களுக்கு என்ன லாபம்?' என்றால், பல ஆய்வுகளில் உங்கள் பிள்ளைக்கு நேரடியாக ஒன்றும் கிடைக்காது, அடுத்து வரும் பிள்ளைகளுக்கே கிடைக்கும். அதை மறைத்து ஆசை காட்டுகிற ஆய்வாளரைவிட வெளிப்படையாகச் சொல்பவரை நம்பலாம். கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான். ஆய்வு தொடங்கும் முன் ஆய்வாளர் அந்தக் குழுவின் கூட்டத்துக்கு வந்து விளக்கட்டும். முடிந்ததும் அதே கூட்டத்தில் முடிவைச் சொல்லவும் வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.