கடல் தாண்டாத வீரர்கள்!

ஜப்பானின் 'கூட்டு' வீடியோ கேம்கள் நம் ஊருக்கு ஏன் வருவதில்லை?

வடசென்னையில் திருவொற்றியூரை அடுத்து இருப்பது விம்கோ நகர். ஒரு பக்கம் கடல். தெற்கே சென்னைத் துறைமுகம். வடக்கே எண்ணூர்த் துறைமுகம். உலகத்துச் சாமான்கள் எல்லாம் இந்த வழியாகத்தான் இறங்குகின்றன. 2021-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி முதல் இங்கே மெட்ரோ ரெயிலும் ஓடுகிறது.

இந்தப் பகுதியில் உள்ள பையன்களைக் கேட்டுப் பாருங்கள். கோக்கு யார், லூஃபி யார், நருட்டோ யார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். மூவரும் ஜப்பான் நாட்டுப் படக்கதை வீரர்கள்.

"இந்த மூன்று பேரும் ஒன்றாகச் சேர்ந்து சண்டை போடும் வீடியோ கேம் ஜப்பானில் இருக்கிறதாமே! அதை வாங்கித் தாருங்கள்" என்று பிள்ளை கேட்கிறான். அப்பா கடை கடையாக ஏறி இறங்குகிறார். கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? கப்பல் இல்லையா? விமானம் இல்லையா? எல்லாம் இருக்கிறது. தடை வேறு இடத்தில் இருக்கிறது.

கூண்டுக்கிளியைப் போல!

முதலில் 'கூட்டு' விளையாட்டு என்றால் என்ன என்று பார்ப்போம்.

எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் எத்தனையோ படங்களில் நடித்தார்கள். இருவரும் சேர்ந்து நடித்த படம் ஒன்றே ஒன்று தான். அது 1954-ம் ஆண்டில் வந்த 'கூண்டுக்கிளி'. இரண்டு பெரிய நடிகர்களை ஒரே படத்தில் சேர்ப்பது அத்தனை அபூர்வம்.

வீடியோ கேமிலும் அப்படித்தான். வேறு வேறு கதைகளில் வரும் வீரர்களை ஒரே விளையாட்டில் கொண்டுவந்து மோதவிடுவதே கூட்டு விளையாட்டு.

2005-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜப்பானில் 'ஜம்ப் சூப்பர் ஸ்டார்ஸ்' என்ற விளையாட்டு வெளிவந்தது. கையடக்கமான 'நின்டெண்டோ டி.எஸ்.' கருவியில் ஆடுவது. கோக்கு, லூஃபி, நருட்டோ எல்லோரும் அதில் உண்டு. அடுத்த ஆண்டே 'ஜம்ப் அல்டிமேட் ஸ்டார்ஸ்' என்று இரண்டாவது விளையாட்டும் வந்தது.

இரண்டும் ஜப்பானுக்கு வெளியே விற்பனைக்கு வரவே இல்லை!

சொந்தக்காரர் யார்?

கோக்குவின் படத்தை ஒருவர் தன் இஷ்டப்படி அச்சடித்து விற்க முடியாது. கோக்குவுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். படம் வரைந்த ஓவியர் ஒருவர். கதையை வெளியிட்ட பத்திரிகைக் கம்பெனி ஒன்று. அதை டெலிவிஷன் படமாக எடுத்த கம்பெனி இன்னொன்று. குரல் கொடுத்த நடிகர் வேறு; பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் வேறு.

ஒரு வீரனுக்கே இத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே பெட்டியில் பத்து, இருபது கதைகளைச் சேர்த்தால்? கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அனுமதி நாட்டுக்கு நாடு வேறு. "ஜப்பானில் விற்றுக்கொள்" என்று கொடுத்த அனுமதி அமெரிக்காவில் செல்லாது, இந்தியாவிலும் செல்லாது. எல்லோரையும் மறுபடி கேட்க வேண்டும். ஒருவர் தலையை ஆட்டாவிட்டாலும் போச்சு! பெட்டி ஜப்பானிலேயே தங்கிவிடும்.

இருபது பங்காளிகள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒரு வீட்டை விற்ற கதை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

ஒரே வீரனுக்கு இரண்டு எஜமானர்கள்

சில வீரர்களுக்கு ஜப்பானில் ஒரு சொந்தக்காரர். வெளிநாட்டில் வேறொரு சொந்தக்காரர். விவகாரம் இங்கேதான் முற்றுகிறது.

'மேக்ராஸ்' என்று ஒரு டெலிவிஷன் தொடர். 1982-ல் ஜப்பானில் ஒளிபரப்பானது. அமெரிக்காவைச் சேர்ந்த ஹார்மனி கோல்டு என்ற கம்பெனி அதை வாங்கியது. வேறு இரண்டு தொடர்களையும் அதனுடன் ஒட்டியது. 'ரோபோடெக்' என்ற பெயரில் 1985-ல் வெளியிட்டது.

அதன் பிறகு, "வெளிநாட்டு உரிமை யாருக்கு?" என்று ஜப்பான் கம்பெனிகளுக்கும் அமெரிக்கக் கம்பெனிக்கும் தகராறு. பல ஆண்டுகள் இழுத்தது. 2021 ஏப்ரலில்தான் சமாதானம் ஆயிற்று. அதுவரை மேக்ராஸ் சேர்ந்த எந்தக் கூட்டு விளையாட்டும் ஜப்பானை விட்டு நகர்வது கடினமாக இருந்தது.

கழற்றிவிடப்பட்ட பூதம்

இன்னொரு வேடிக்கை கேளுங்கள்.

ஜாடிக்குள் பூதம் இருக்கும். வெளியே வந்து எஜமானுக்கு வேலை செய்யும். 1967-ல் வந்த 'பட்டணத்தில் பூதம்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஜப்பானிலும் அப்படி ஒரு கார்ட்டூன் பூதம் உண்டு. யாராவது தும்மினால் ஜாடியிலிருந்து வந்துவிடும்!

'தட்சுனோகோ வெர்சஸ் கேப்காம்' என்ற விளையாட்டில் இந்தப் பூதமும் ஒரு வீரன். 2008 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவுக்குப் போக 2010 ஜனவரி ஆயிற்று. போன பெட்டியைத் திறந்து பார்த்தால், பூதத்தைக் காணோம்! வெளிநாட்டு உரிமைச் சிக்கலால் அதை எடுத்துவிட்டார்கள். வேறு புதிய வீரர்களைச் சேர்த்தார்கள்.

ஒரே வீடு என்றால் தொல்லை இல்லை

எல்லாக் கூட்டு விளையாட்டுகளும் இப்படி மாட்டிக்கொள்வதில்லை.

நின்டெண்டோ கம்பெனி 1999 ஜனவரியில் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' விளையாட்டை வெளியிட்டது. மரியோ உள்பட 12 வீரர்கள். எல்லோரும் நின்டெண்டோ குடும்பத்துப் பிள்ளைகள். முதலில் ஜப்பானில் மட்டும் விற்கத்தான் எண்ணினார்கள். விற்பனை அமோகம்! ஏப்ரலிலேயே அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் கேட்டு வாங்கும் அனுமதிக்கு எத்தனை நாள் ஆகும்?

'சூப்பர் ரோபோ வார்ஸ்' கதையும் இதையே காட்டுகிறது. 1991-ல் தொடங்கிய வரிசை இது. மாசிங்கர், கண்டம் முதலிய பற்பல இயந்திர வீரர்கள் கூடிப் போர் செய்வார்கள். பல கம்பெனிகளின் வீரர்கள் என்பதால் நெடுங்காலம் ஜப்பானிலேயே கிடந்தது. ஆனால், விளையாட்டைச் செய்த கம்பெனி தானே கற்பனை செய்த வீரர்களை மட்டும் வைத்து ஒரு பாகம் வெளியிட்டது. 2006-ல் அது தடையில்லாமல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது.

தீப்பெட்டியும் தடை தாண்டியது

ஜப்பான் சரக்குக்குத் தடை என்பது விம்கோ நகருக்குப் புதிது அல்ல. அந்த ஊரின் பெயரே அப்படிப்பட்ட ஒரு தடையால் வந்தது!

முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவுக்கு வந்த தீப்பெட்டிகளில் பெரும்பகுதி ஜப்பானில் செய்தவை. அந்தத் தீப்பெட்டிகளின் மேல் நம் நாட்டுச் சாமி படங்களை அச்சிட்டு அனுப்பினார்கள். படத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. சாமி வந்து கையெழுத்துக் கேட்கவா போகிறது!

1922-ல் சர்க்கார் தீப்பெட்டி இறக்குமதிக்கு வரி போட்டது. ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டிக்கு ஒன்றரை ரூபாய். வெளிநாட்டுப் பெட்டி விலை ஏறியது. உடனே சுவீடன் நாட்டு முதலாளிகள், "இந்தியாவிலேயே செய்துவிட்டால் என்ன?" என்று யோசித்தார்கள். 1923-ல் 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' பிறந்தது. சுருக்கமாக விம்கோ. திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை அமைந்தது. பக்கத்துக் குடியிருப்பு விம்கோ நகர் ஆயிற்று.

அன்றைய தடையைப் பணத்தால் தாண்டினார்கள். இன்றைய தடைக்குப் பணம் மட்டும் போதாது. சம்மதம் வேண்டும்.

சம்மதம் கேட்காத கேசட்

சம்மதமே கேட்காமல் வந்த சரக்கும் உண்டு!

பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-ல் துறைமுகத்துக்கு எதிரே அமைந்தது பர்மா பஜார். 1990-களில் வடசென்னைப் பையன்களுக்கு வீடியோ கேம் என்றால் பர்மா பஜார்தான். ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் என்று அட்டையில் போட்டிருக்கும். நின்டெண்டோவின் மரியோவும் கொனாமி கம்பெனியின் 'கான்ட்ரா' சிப்பாய்களும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள்.

பெரிய கம்பெனிகள் ஆண்டுக்கணக்கில் பேசியும் முடியாத கூட்டு, அந்தக் கள்ளக் கேசட்டில் ஒரு நொடியில் முடிந்துவிட்டது! விளையாட்டைச் செய்தவனுக்கு மட்டும் காலணாவும் போகவில்லை.

இப்போது நிலைமை என்ன?

கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு திறக்கிறது.

2017-ல் சூப்பர் ரோபோ வார்ஸ் வரிசையில் ஒரு பாகம் இங்கிலீஷ் எழுத்துடன் சிங்கப்பூர் முதலிய தென்கிழக்கு ஆசிய நாடுகளில் விற்பனைக்கு வந்தது. 2021 அக்டோபரில் அந்த வரிசையின் 30-வது ஆண்டு விளையாட்டு கம்ப்யூட்டர் வழியாக உலகம் எங்கும் வந்தது. 2025 ஆகஸ்டு 28-ந் தேதி வெளியான 'சூப்பர் ரோபோ வார்ஸ் ஒய்' ஜப்பானிலும் வெளிநாடுகளிலும் ஒரே நாளில் வந்தது. முன்பெல்லாம் ஜப்பானில் விற்ற பிறகு மற்ற நாடுகளைப் பற்றி யோசித்தார்கள். இப்போது வேலையைத் தொடங்கும்போதே உலக அனுமதியையும் கேட்டுக்கொள்கிறார்கள்.

கோக்கு, லூஃபி, நருட்டோ மூவரும் சேர்ந்த 'ஜம்ப் ஃபோர்ஸ்' 2019 பிப்ரவரியில் உலகம் முழுவதும் வந்தது. பிள்ளைகள் துள்ளினார்கள். ஆனால் மூன்றே ஆண்டு! 2022 பிப்ரவரியில் இன்டர்நெட் வழியாக விற்பதை நிறுத்திவிட்டார்கள். ஆகஸ்டு மாதத்தில், பல பேர் இன்டர்நெட்டில் சேர்ந்து ஆடும் வசதியும் நின்றது. முன்பே வாங்கியவர்கள் வீட்டில் ஆடலாம். புதிதாக வேண்டுமானால் பழைய வட்டைத் தேட வேண்டியதுதான்.

வாங்குவதற்கு முன்...

வெளிநாட்டிலிருந்து உறவினர் வரும்போது விளையாட்டு வாங்கி வரச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. பணம் ஆயிரக்கணக்கில் போகிறது. இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, கருவி. 'நின்டெண்டோ 3 டி.எஸ்.' என்ற கருவிக்குப் பூட்டு உண்டு. ஜப்பானில் அதற்கென்று விற்ற விளையாட்டை அமெரிக்கக் கருவியில் செருகினால் ஓடாது. 'பிளேஸ்டேஷன் 4', 'பிளேஸ்டேஷன் 5' விளையாட்டு வட்டுகளுக்கு அந்தப் பூட்டு இல்லை.

இரண்டு, மொழி. ஜப்பான் பதிப்பு என்றால் எழுத்தெல்லாம் ஜப்பானிய எழுத்தாகவே இருக்கலாம். சண்டை விளையாட்டு என்றால் பையன் எப்படியோ சமாளிப்பான். கதையைப் படித்து ஆடுகிற விளையாட்டு என்றால் திண்டாட்டம்தான். ஆகவே, அட்டையில் 'இங்கிலீஷ்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தமிழில் கேட்டால்? சினிமாவில் அந்த அதிர்ஷ்டம் வந்துவிட்டது. ஜப்பானியரும் இந்தியரும் சேர்ந்து 1992-ல் முடித்த ராமாயணக் கார்ட்டூன் படம், 2025 ஜனவரி 24-ந் தேதி தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படமும் தமிழில் வந்தது. சூப்பர் ரோபோ வார்ஸ் வீரர்கள் இன்னும் தமிழ் கற்றுக்கொள்ளவில்லை.